பெயருக்குப் பின்னால் பி.ஏ.

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. அந்தப் பை நம்மதுதான், மடியில வச்சுக்கிடுதேன். கோயம்புத்தூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஆறு ஏழு மணி நேரம் வாயை மூடிட்டு உக்காந்தா எனக்கு மண்டையிடி வந்துரும். தொழில் அப்படி. மைக்செட். கோவில்பட்டி சுத்துவட்டாரத்துல கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் 'இளவேனில் ஒலிபெருக்கி நிலையம்'தான். செட்டு மட்டும் இல்ல, அறிவிப்பும் நாமதான். சொல்வேந்தன் வேல்மயில்னா தெரியாதவங்க கிடையாது. "அன்பார்ந்த பெரியோர்களே, அருமைத் தாய்மார்களே"ன்னு நான் தொடங்கினா, பந்தியில உக்காந்திருக்கவன் சோத்துல வச்ச கையை எடுக்காமக் கேப்பான். நான் சொல்லல, ஊரு சொல்லுது.

இளவேனில்ங்கது மக பேரு. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசை, பச்சைத் துப்பட்டா. சேந்தாப்ல சீட்டு கிடைக்கல. இன்னைக்கு அவளைக் காலேஜ்ல சேக்கப் போறோம். இன்ஜினியரிங். எலக்ட்ரானிக்ஸ். அவ அம்மா வரல. பக்கத்து ஊர்ல அம்மன் கொடை, செட்டைப் பாக்க ஆளு வேணும்லா? பேச்சிதான் ஆம்ப்ளிஃபயர் முன்னால உக்காந்திருக்கா. அறிவிப்பு மட்டும் சொல்ல மாட்டா. அவளுக்குப் பேச்சு வராது, பேருலதான் பேச்சி.

எல்லாரும் கேக்காங்க, "எப்படி வேல்மயிலு, பிள்ளைய இவ்வளவு பெரிய காலேஜ்ல சேத்தே?"ன்னு. ஒரே வார்த்தையில சொல்லுதேன் அண்ணாச்சி. தியாகம். என்னோட தியாகம். சும்மா இல்ல, கேளுங்க.

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட்டு வந்துச்சு. கட்-ஆஃப் நூத்து எழுபத்து நாலரை. கட்-ஆஃப் தெரியும்லா? கணக்கு முழுசு, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி, கூட்டினா இருநூறுக்கு எவ்வளவுங்கதுதான் கணக்கு. நூத்து எழுபத்து நாலரைய மோசம்னும் சொல்ல முடியாது, ஆஹா ஓஹோன்னும் சொல்ல முடியாது. பெரிய பெரிய காலேஜெல்லாம் நூத்துத் தொண்ணூறுக்குக் கீழ திரும்பியே பாக்காது.

பிள்ளை அன்னைக்கே ஒரு நோட்டை எடுத்துட்டு உக்காந்துட்டா. பக்கத்தை மூணாப் பிரிச்சுக் கோடு போட்டா. ஒண்ணு 'கிடைக்கும்'. ஒண்ணு 'கிடைச்சாலும் கிடைக்கும்'. ஒண்ணு 'சும்மா ஆசைக்கு'. ஒவ்வொரு காலேஜுக்கும் நேரா போன வருசம் எந்த மார்க்குல சீட்டு முடிஞ்சது, அதுக்கு முந்தின வருசம் எவ்வளவு, ஃபீஸு எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவுன்னு பொடி எழுத்துல நிரப்பிட்டா. 'கிடைக்கும்'ல இருந்த காலேஜ்ல பாதிப் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல. ஒண்ணுக்கு மட்டும் சிவப்பு மையில வட்டம் போட்டிருந்தா. கோயம்புத்தூர்ல இருக்கு. போன வருசம் நூத்து எழுபத்திரண்டு வரைக்கும் குடுத்திருக்கான். லேப்பு நல்லா இருக்குமாம், படிச்சு முடிக்கையிலேயே வேலையும் கிடைக்குமாம். அவளுக்கு அஞ்சாவது படிக்கும்போதே சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும் அண்ணாச்சி. நம்ம ஆம்ப்ளிஃபயர் மூணும் அவ கையால உயிர் பிழைச்சதுதான்.

சரி, மார்க்கு இடிக்கல. இடிச்சது காசுதான். டியூஷன் ஃபீஸு, ஹாஸ்டல், மெஸ்ஸு, புஸ்தகம்னு எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா, கொடை சீசன் மொத்தத்தையும் அப்படியே கொண்டு போய்க் கட்டினாலும் பாதி வருசம்தான் தாங்கும்.

இதுல ஒரு அநியாயத்தைச் சொல்லணும். எதுத்த வீட்டுத் தையக்காரர் மக, நூத்து நாப்பத்தெட்டு கட்-ஆஃப். அந்தப் பிள்ளைக்கு எல்லா ஃபீஸும் சர்க்காரே கட்டுது, ஹாஸ்டல் உள்பட! ஏன்னா ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சுதாம், ஏழரை சதவீத ஒதுக்கீடாம். என் மகளையும் ஆறாவது சேக்கும்போது கவர்மென்ட் ஸ்கூல்லயே போடலாம்னு பேச்சி சொன்னாதான். பி.ஏ. படிச்சவன் மக கவர்மென்ட் ஸ்கூலுக்குப் போனா ஊரு என்ன பேசும்னு நான்தான் மெட்ரிக்ல சேத்தேன். ஏழு வருசம் ஃபீஸ் கட்டினேன். இப்ப என்னடான்னா கட்டாதவனுக்குச் சலுகை. இது யாரு தப்பு, சொல்லுங்க? சர்க்கார் முன்கூட்டியே சொல்லியிருக்கணும்லா?

சரி, அது கிடக்கட்டும். பிள்ளை போன்ல கவுன்சிலிங்குக்கு மனு நிரப்பிட்டு இருந்தா. நான் பக்கத்துல ஒரு மைக்கைக் கழட்டித் தொடச்சிட்டு இருக்கேன். "அப்பா, முதல் பட்டதாரியான்னு கேக்காங்க"ன்னா. அது என்னன்னா அண்ணாச்சி, வீட்டுல தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருமே டிகிரி முடிக்கலன்னா, முதல்ல படிக்கிற பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ்ல பாதிக்குக் கிட்ட கழிச்சுருவாங்க. நாலு வருசமும். அந்தப் பாதி கழிஞ்சா மிச்சத்தை எப்படியும் உருட்டிப் புரட்டிக் கட்டிரலாம்.

"இல்லைன்னு போடு தாயி. அப்பா பி.ஏ."ன்னேன்.

அவ என்னைப் பாத்தா. "சரிப்பா"ன்னுட்டுப் போனை மூடி வச்சுட்டா.

இப்ப உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லுதேன். நீங்க யாரோ, நான் யாரோ, அதனால சொல்லுதேன். நான் பி.ஏ. படிச்சது நெசம். மூணு வருசம் காலேஜுக்குப் போனேன், வரலாறு. அட்டெண்டன்ஸ்ல ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு பேப்பர்தான் நின்னு போச்சு. எது தெரியுமா? தமிழ்! சிரிக்காதீங்க. பக்கம் பக்கமா எழுதினேன், கூடுதல் தாளே எட்டு வாங்கினேன். திருத்தினவன் படிச்சிருக்க மாட்டான். நாப்பது எடுத்தாப் பாஸு, எனக்கு முப்பத்தெட்டு போட்டான். மறுபடி மறுபடி எழுதினேன், விடு கழுதையன்னு விட்டுட்டேன். ஒரு பேப்பருக்காக ஒருத்தன் பி.ஏ. இல்லைன்னு ஆயிருமா? நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பி.ஏ. நான். அந்த நியாயத்துலதான் கல்யாணப் பத்திரிகையில போட்டேன், ரேஷன் கார்டு மனுவுல போட்டேன், செட்டுல உள்ள எட்டு ஸ்பீக்கர் குழாயிலயும் 'சொல்வேந்தன் ச. வேல்மயில், பி.ஏ.'ன்னு பெயிண்ட்டுல எழுதி வச்சேன். இருபத்திரண்டு வருசமா அப்படித்தான்.

மூணு நாள் போச்சு. பேச்சியோட தம்பி வந்தான். "அத்தான், எதுக்கு இவ்வளவு தூரம்? இங்க உள்ளூர் காலேஜ்ல பி.எஸ்சி. போடுங்க, பஸ் பாஸு இருக்கு, வீட்டுச் சாப்பாடு"ன்னான். நான் ஒண்ணும் பேசல. நான் பேசாம இருந்தேன்னா நிலைமைய யோசிச்சுக்கிடுங்க. பிள்ளை சொல்லுதா, "சரி மாமா, பி.எஸ்சி.யே படிக்கேன்." அழல, முகத்தைத் தூக்கல. மறுநாள் அந்த நோட்டைக் காணோம். எங்க தாயின்னு கேட்டா, "மெர்லினுக்குக் குடுத்துட்டேன்பா, அவளுக்காவது ஆகட்டும்"ங்கா. மெர்லின் அவகூடப் படிச்ச பிள்ளை. அந்தச் சிவப்பு வட்டத்தைத் தூக்கி இன்னொருத்தி கையில குடுத்துட்டாளே!

அன்னைக்குக் காலையில அடுப்படிக்குப் போனேன். பேச்சி தோசை ஊத்திட்டு இருந்தா.

"பேச்சி, ஒண்ணு சொல்லணும். நான் பி.ஏ. இல்ல."

"தள்ளி நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்."

"நெசமாச் சொல்லுதேன் பேச்சி. ஒரு பேப்பர் நின்னு போச்சு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"தமிழ்ல ஃபெயிலு. நிச்சயத்துக்கு முந்தியே எங்கப்பா காலேஜ்ல போய் விசாரிச்சுட்டு வந்துட்டாரு. பத்திரிகை அடிக்கும்போது உங்க பேருக்குப் பின்னால பி.ஏ. போடணுமான்னு அச்சகத்துல கேட்டதுக்கு, மாப்பிள்ளை ஆசைப்படுதாரு, போட்டுருங்கன்னு அவருதான் சொன்னாரு. சட்னி வைக்கவா, பொடி போதுமா?"

இருபத்திரண்டு வருசம் அண்ணாச்சி! ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் சொன்னேன்லா, அவளுக்குப் பேச்சு வராது.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். தொண்டையைச் செருமி, எப்படித் தொடங்கன்னு தெரியாம, "அன்பார்ந்த"ன்னு வாயில வந்துட்டு. பிறகு சொன்னேன். அவ போனை எடுத்து அந்த மனுவைக் காட்டுதா. எல்லாம் நிரப்பியிருக்கு. முதல் பட்டதாரியாங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கு. அதுல 'ஆம்'னு தட்டினா. தட்டிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. என்ன புத்தி பாருங்க! எப்படியும் அப்பா ஒரு வழி சொல்லுவாருன்னு காத்திருந்திருக்கா. நம்ம ரத்தம்லா.

மனு போட்டாச்சு, அடுத்து சர்டிபிகேட் வாங்கணுமே. இ-சேவையில பதிஞ்சா வி.ஏ.ஓ. விசாரிச்சு மேல அனுப்புவாங்க. கையில இருந்தது ஒன்பது நாள். எங்க வி.ஏ.ஓ. புதுசு, சின்ன வயசுப் பொம்பளை, ரொம்பக் கண்டிப்பு. தெருவுக்கே வந்துட்டாங்க விசாரிக்க. நான் அந்நேரம் குளிச்சிட்டு இருந்தேன். அதுதான் வினையாப் போச்சு.

டீக்கடை தங்கமாரிகிட்டக் கேட்டிருக்காங்க, "இந்த வேல்மயில் பட்டதாரியா?"ன்னு. தங்கமாரி நினைச்சுக்கிட்டான், எனக்கு ஏதோ சர்க்கார் வேலை வரப் போகுதுன்னு. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க தெருவுலயே படிச்ச மனுசன் அவருதான். பி.ஏ.!" பக்கத்துல தையக்காரரு, "பி.ஏ. மட்டுமா? இங்கிலீசுல மனு எழுதுவாரும்மா"ங்காரு. நான் எந்தக் காலத்துல இங்கிலீசுல மனு எழுதினேன்? பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் இருக்கே, அது பீரோவுல இருந்து எங்க கல்யாணப் பத்திரிகையையே எடுத்துட்டு வந்து நீட்டிட்டு. மஞ்சள் தடவினபடி அப்படியே வச்சிருக்கு மனுசி!

ஈரத் துண்டோட ஓடி வந்தேன். வி.ஏ.ஓ. அம்மா பைலை மூடியாச்சு. "பொய்யான தகவல் குடுத்துச் சலுகை கேட்டா என்ன நடவடிக்கைன்னு தெரியுமா?"ன்னாங்க.

"அம்மா, நான் ஃபெயிலும்மா!"

"சும்மா இருங்க அண்ணே"ங்கான் தங்கமாரி. "தன்னடக்கத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?"

"லேய், நெசமாவே ஃபெயிலுடா!"

தெருவே கூடிட்டு. நம்ப மாட்டேங்காங்க அண்ணாச்சி! எனக்கு மைக்கு இல்லாமலே சத்தம் எடுக்கும், உங்களுக்குத்தான் தெரியுதே. நடுத்தெருவுல, இடுப்புல ஈரத் துண்டோட நின்னு, அடிவயித்துல இருந்து சொன்னேன்: "நான் பி.ஏ. ஃபெயில்! தமிழ்ல ஃபெயில்!" பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். தங்கமாரி வாயைப் பொத்திக்கிட்டான். யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அவமானமா இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன், காதெல்லாம் எரிஞ்சுச்சு. ஆனா வாசல்ல பிள்ளை நின்னுட்டு இருந்தா பாத்துக்கிடுங்க. அதனால இன்னொரு தடவையும் சொன்னேன்.

வி.ஏ.ஓ. அம்மா முகம் கொஞ்சம் இளகிட்டு. "வாயால சொன்னா நான் எழுத முடியாதுங்க. ஃபெயிலான மார்க் ஷீட்டைக் கொண்டு வாங்க"ன்னாங்க.

அதுக்கு எங்க போவேன்? அதை அன்னைக்கே கிழிச்சுக் கிணத்துல போட்டாச்சு. மறுநாள் யுனிவர்சிட்டிக்குப் போனேன். அங்க ஜன்னல்ல இருந்த ஆளு சொல்லுதாரு, "சார், முப்பது வருசமா இந்த சீட்டுல இருக்கேன். பாஸ் பண்ணின மார்க் ஷீட் தொலைஞ்சு போச்சுன்னுதான் வருவாங்க. ஃபெயிலானதுக்கு நகல் கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்." அதுக்கும் பணம் கட்டி, அஞ்சு நாள் அலைஞ்சு வாங்கினேன். நகலைக் குடுத்துட்டு அந்த மனுசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. தமிழ், முப்பத்தெட்டு... சரி, உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்க? பதினொண்ணு. எட்டுக் கூடுதல் தாளுக்குப் பதினொண்ணு.

ஆனா அந்தப் பதினொண்ணுதான் அண்ணாச்சி வேலை செஞ்சது! வி.ஏ.ஓ. அம்மா அதைப் பாத்ததும் மறுபேச்சே பேசல, பரிந்துரை பண்ணிட்டாங்க. தாசில்தார் ஆபீஸ்ல ஒரு நாள். கெடு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது சர்டிபிகேட் கையில. ரேங்க் லிஸ்ட் வந்துச்சு, மெர்லின்கிட்டப் போய் நோட்டை வாங்கிட்டு வந்து, வரிசை மாத்தாமக் காலேஜ் பேரைப் போட்டா. ரெண்டாவது ரவுண்டுலயே சிவப்பு வட்டம் போட்டதே கிடைச்சுட்டு! பேச்சி அன்னைக்குச் சிரிச்சா பாருங்க, கல்யாணத்துல கூட அப்படிச் சிரிக்கல. நான் என்ன செஞ்சேன்? அம்மன் கோயில் முன்னால செட்டைப் போட்டு அறிவிச்சுட்டேன். நாலு தடவை.

இதைத்தான் தியாகம்னு சொல்லுதேன். இருபத்திரண்டு வருசப் பட்டத்தை ஒரே நாள்ல நடுத்தெருவுல கழட்டிப் போட்டேன்லா? எந்தத் தகப்பன் செய்வான்?

குழாயில இருந்ததையும் போன வாரம் அழிச்சாச்சு. நானே பெயிண்ட் வாங்கிட்டு வந்து உக்காந்தேன். எட்டுக் குழாயிலயும் பி.ஏ.வை அழிச்சேன். அழிச்ச இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு, பாக்கப் பொறுக்கல. சட்டுன்னு ஒரு யோசனை. குழாயில மேல இருக்க நிலையத்துப் பேரே மக பேருதானே? பேருக்குப் பின்னால போட்டுட்டேன். 'இளவேனில், பி.இ. ஒலிபெருக்கி நிலையம்'. எப்படி இருக்கு! ஆமா, இன்னும் சேரவே இல்லதான். நாலு வருசம் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிராதா? இப்பவே போட்டு வச்சா என்ன? தங்கமாரி, தையக்காரரு, கோயில் கமிட்டி எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனிமே 'இன்ஜினியர் அப்பா'ன்னு கூப்பிடுங்கலேன்னு.

பிள்ளை அதைப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. அவ அம்மா மாதிரி. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதுதான் கேட்டா. என்ன கேட்டா தெரியுமா? "அப்பா, காலேஜ்ல நான் ஏதாவது ஒரு பேப்பர்ல ஃபெயிலாயிட்டா, உங்ககிட்டச் சொல்லலாமா?"ன்னு.

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "நீ ஃபெயிலாவியா? நீ யாரு மக? போ தாயி!"ன்னேன். முதுகுல ஒரு தட்டு தட்டினேன். அதுக்குள்ள பஸ்ஸு வந்துட்டு.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீங்க? தைரியம்தானே சொன்னேன். பிள்ளை புது ஊருக்குப் போறா, நல்ல வார்த்தைதானே சொல்லணும்? நீ ஃபெயிலாக மாட்டேன்னுதானே சொன்னேன்.

என்ன சொல்லுதீங்க? அவ கேட்டது அது இல்லையா?

ஃபெயிலாவேனான்னு கேக்கல. சொல்லலாமான்னு கேட்டா.

இருங்க. எங்கய்யா சந்தையில வெங்காய யாவாரம் பாத்தாரு. எனக்கு ரிசல்ட்டு வர ரெண்டு மாசம் இருக்கையிலேயே சந்தை முழுக்கச் சொல்லிட்டாரு, என் மவன் பி.ஏ.ன்னு. தராசுக்காரன், வண்டிக்காரன், வாங்க வந்தவன் ஒருத்தன் பாக்கி இல்ல. ரிசல்ட்டு வந்த பேப்பர்ல என் நம்பர் இல்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கு நேரா சந்தைக்குத்தான் போனேன் அண்ணாச்சி, அவருகிட்டச் சொல்லிரணும்னு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, தோள்ல கிடந்த துண்டை எடுத்து நான் உக்கார மூட்டையைத் தொடச்சு விட்டாரு. பெத்த தகப்பன், எனக்கு! பிறகு நான் எப்படிச் சொல்ல? அவரு சாகுற வரைக்கும் சொல்லலியே.

எட்டுக் குழாயிலயும் எழுதி வச்சுட்டு வந்திருக்கேனே!

கொஞ்சம் காலை ஒதுக்குங்க அண்ணாச்சி. பையை நீங்க பாத்துக்கிடுங்க. இல்ல, அங்க சீட்டு வேண்டாம், பக்கத்துல கம்பியப் பிடிச்சு நின்னுக்கிடுதேன். பிள்ளை என்னமோ கேட்டுச்சு, இன்னும் பதில் சொல்லல நான்.